கதிர் பால் பிடிக்கும் முன்பே பரண்: மலையடிவாரப் புஞ்சைக்குக் காவல் தயாரிப்பு

அழகர்மலை, சிறுமலை அடிவாரங்களிலும் பேரையூர், சாப்டூர் பக்கத்துப் புஞ்சைகளிலும் மக்காச்சோளம், நிலக்கடலை போடுகிறவர்கள், ராத்திரிக் காவலுக்கு உயரத்தில் கட்டுகிற பரண் விஷயத்தில் செய்கிற பெரிய தவறு ஒன்றுதான். காட்டுப்பன்றி இறங்கிய மறுநாள் கட்டுகிறார்கள். ஒரு ராத்திரி பால்கதிரைத் தின்று ருசி கண்ட கூட்டம் அதற்குப் பிறகு லேசில் விலகாது. இந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பக்கம் நுழையும். முதல் ராத்திரியே ஆள் சத்தம் கேட்டுத் திரும்பிய கூட்டத்தை விரட்டுவது அதைவிட எவ்வளவோ சுலபம். அதனால் பரணும் அதற்குப் போகிற தடமும் கதிர் வைப்பதற்கு முன்பே தயாராகிவிட வேண்டும். அந்த வேலையை எப்போது, எந்த வரிசையில் செய்வது என்பதுதான் இங்கே பேச்சு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இது காவல் பரண், வேட்டைப் பரண் கிடையாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் வேட்டை குற்றம். துப்பாக்கி, சுருக்குக் கம்பி, கண்ணி, அவுட்டுக்காய் (தீனிக்குள் வைக்கிற வெடி) எல்லாமே அதில் அடக்கம். வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் விட்டுப் புஞ்சையைச் சுற்றுவது எல்லாவற்றையும் விட மோசம். பன்றிக்கு வைத்ததில் அதிகாலை தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர்கள் செத்திருக்கிறார்கள். சூரிய மின்வேலி போடுவதென்றாலும் முறைப்படி அனுமதி வாங்கித்தான் போட வேண்டும்.

நாள் கணக்கு

மானாவாரி மக்காச்சோளத்தை அக்டோபர் முதல் வாரம், அதாவது புரட்டாசி நடுவில் விதைத்ததாக வைத்துக்கொள்வோம். 50 முதல் 55 நாளில் ஆண் பூ வரும். அடுத்த சில நாளில் கதிரில் நூல் தள்ளும். நூல் தள்ளி மூன்று வாரம் ஆனால் மணி பால் பிடிக்கும். அது ஏறக்குறைய 75 முதல் 80-ஆம் நாள், மார்கழி பிறக்கிற சமயம். பன்றி காத்திருப்பது அந்தப் பாலுக்குத்தான். நீங்கள் பரணில் ஏற வேண்டிய நாள் அதற்கும் முன்னால், நூல் தள்ளுகிற கார்த்திகை நடுவில்.

அங்கிருந்து பின்னால் எண்ணுங்கள். பரணுக்குக் கால் நடுவது விதைப்புக்கு முன். தளமும் கூரையும் போடுவது பயிர் 40 முதல் 45 நாள் இருக்கும்போது. முதல் காவல் 55-ஆம் நாள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கட்டி முடித்தால் என்ன என்று கேட்கலாம். விதைத்த பிறகு 15 அடிக் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தால் பயிர் மிதிபடும். கடைசி உழவுக்கு முன்னாலேயே கால் நட்டால் டிராக்டர் கலப்பை இடிக்கும். கூரையை ஐப்பசிக்கு முன்னால் போட்டால் பருவக்காற்று பிய்த்துக்கொண்டு போகும், மிஞ்சின ஓலை காவல் நாள் வரும்போது இற்றுக் கிடக்கும். கால் மட்டும் முன்னாலேயே நின்று நாலு மழை குடித்து இறுகட்டும். மேல்வேலை பிறகு.

நிலக்கடலைக்குக் கணக்கு வேறு. விதைத்த முதல் பத்து நாள் பன்றி விதைப்பருப்பைக் கிளறும். பிறகு கொஞ்சம் ஓய்வு. 60 நாளுக்கு மேல் காய் திரள ஆரம்பித்ததும் மறுபடி வரும். ஆகவே கடலைக்காட்டில் விதைப்புக்கு முன்பே தளம் வரைக்கும் கட்டிவிடுவது நல்லது. மயில் பகலில் வரும், அதற்குப் பரண் தேவையில்லை, ஆள் நடமாட்டம் போதும்.

இடம் பார்ப்பது

பன்றி கண்ட இடத்தில் நுழையாது. அதற்கென்று ஒரு கடவு இருக்கும். ஆவணியிலேயே வேலியோரமாக ஒரு தடவை மெதுவாக நடந்து பாருங்கள். ஓடை வந்து புஞ்சையைத் தொடுகிற இடம், முள்வேலிக்கு அடியில் மண் வழவழப்பாகத் தேய்ந்த பொந்து, முள்ளில் சிக்கிய முரட்டு முடி, மரத்தின் அடியில் முழங்கால் உயரத்துக்குச் சேறு பூசின மாதிரி உரசல். இந்த நாலில் இரண்டு சேர்ந்து இருந்தால் அதுதான் கடவு.

பரணைக் கடவுக்கு நேர் மேலே வைக்காதீர்கள். பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு கூர்மை. வாசனை பட்டதும் கடவை மாற்றிக்கொள்ளும், நீங்கள் பார்க்காத மூலையில் புகும். கடவிலிருந்து 40 முதல் 50 அடி விலகி, அது தெளிவாகத் தெரிகிற வரப்பு மூலைதான் சரி. டார்ச் வெளிச்சமும் சுற்றி வளையாமல் நேரே போய் விழும். காவல் மாதங்களில் வீசுவது வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து வரும். உங்கள் வாசனை தென்மேற்குப் பக்கம் போகிறது என்பதை மனதில் வையுங்கள். அந்தப் பக்கத்தில் கூட்டம் ஒதுங்கும். மற்ற பக்கங்களைத்தான் காலால் சுற்றிக் காக்க வேண்டும்.

மரத்தின் மேல் கட்டலாமா? புளி தாங்கும். வேம்பில் உயிருள்ள, தொடைப் பருமன் கவை கிடைத்தால் கட்டலாம், காய்ந்த கொம்பு சொல்லாமல் முறியும். முருங்கை பக்கம் போகவே வேண்டாம். பொட்டலில் தனியாக நிற்கிற உயர்ந்த மரமோ பனையோ எவ்வளவு பலமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஐப்பசி கார்த்திகை மாலைகளில் இடி அதைத் தேடி வரும். நட்ட பரணிலும் இடிச்சத்தம் கேட்டதும் இறங்கி, மோட்டார் ரூமுக்குப் போய்விட வேண்டும். பயிர் ஒரு ராத்திரி போனால் போகட்டும்.

சாப்டூர் மாதிரி யானை நடமாட்டம் உள்ள ஓரங்களில் நட்ட பரணில் ராத்திரி தங்குவதையே தவிர்க்க வேண்டும். அங்கெல்லாம் வனத்துறையிடம் சொல்லிவிட்டு, கூட்டுக் காவலாக மட்டும் பாருங்கள்.

கால்

இரண்டு பேருக்கு ஆறடிக்கு ஐந்தடி தளம், தரையிலிருந்து எட்டடி உயரம் போதும். அதற்கு மேல் உயர்த்தினால் ஆட்டம்தான் கூடும். கெண்டைக்கால் பருமனில் நாலு கம்பம் வேண்டும். சவுக்கு, தைலமரம், நேரான கருவேலம் எது கிடைத்தாலும் சரி. முன்கால் இரண்டும் 16 அடி, பின்கால் இரண்டும் 15 அடி. ஏறக்குறைய மூன்றடி மண்ணுக்குள், எட்டடி தளம் வரைக்கும், மிச்சம் கூரைக்கு. ஒரு அடி குறைந்த பக்கம் வடகிழக்கைப் பார்க்கட்டும். சாரல் அங்கிருந்துதான் அடிக்கும், கூரை அந்தப் பக்கம் தாழ்ந்தால் உள்ளே நனையாது.

குழி விஷயத்தில் மண்ணைப் பார்க்க வேண்டும். செவலில், அதாவது செம்மண்ணில், இரண்டரை அடி தோண்டினாலே கால் நிற்கும், தோண்டிய மண்ணையே போட்டு இடித்து இறுக்கலாம். கரிசல் அப்படி இல்லை. மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். அந்த ஊதலில் கம்பம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளப்படும், வெடிப்பு விட்டதும் குழியில் பல் ஆடுகிற மாதிரி ஆடும். கரிசலில் மூன்றரை அடி தோண்டி, அடியில் ஒரு சாண் சரளை போட்டு, கம்பத்தை நிறுத்திச் சுற்றிலும் சரளையையும் செம்மண்ணையும் கலந்து அரை அடிக்கு ஒரு தடவை கடப்பாறையின் மொட்டை முனையால் இடியுங்கள். தோண்டியெடுத்த கரிசலைத் திரும்பக் குழிக்குள் போடாதீர்கள். காய்ந்த கரிசல் கல்லாக இருந்தால் முதல் நாள் சாயங்காலம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, காலையில் தோண்டலாம்.

நடுவதற்கு முன் கம்பத்தின் அடி நாலடியைத் தீயில் திருப்பித் திருப்பி வாட்டி மேல்தோல் கருகவிட்டு, ஆறியதும் கழிவு எண்ணெய் பூசுங்கள். கறையான் ஏறுவது குறையும். நாலு காலும் நேர்குத்தாக நிற்கக் கூடாது. தரையில் ஏழடி இடைவெளி, தளத்தில் ஆறடி. உள்வாங்கி நின்றால்தான் சாய்வு தாங்கும். பரண் விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் கால் முறிவது இல்லை, குறுக்குச்சட்டம் இல்லாததுதான். ஏணி வைக்கிற பக்கம் தவிர மூன்று பக்கமும் பெருக்கல் குறி மாதிரி இரண்டிரண்டு சட்டம் கட்டிவிடுங்கள்.

போன வருஷத்துக் கால் நிற்கிறது என்றால் அப்படியே நம்பி ஏறாதீர்கள். கம்பம் இற்றுப்போவது மண்ணுக்கு ஆழத்தில் இல்லை, மண் மட்டத்தில். ஈரமும் காற்றும் சேருகிற இடம் அது. கையால் நாலு விரற்கடை மண்ணை விலக்கி, அரிவாள் முனையால் குத்திப் பாருங்கள். முனை அரை அங்குலம் மெத்தென்று இறங்கினால் அந்தக் காலை மாற்றியே ஆக வேண்டும்.

கட்டு, தளம், ஏணி

தளத்தைத் தாங்குகிற விட்டம் காலைத் தொடுகிற இடத்தில் காலில் ஒரு விரற்கடை ஆழத்துக்குக் காடி (பள்ளம்) வெட்டி, அதில் விட்டத்தை உட்கார வையுங்கள். எடையைக் காடி வாங்கிக்கொள்ளும், கயிறு பிடித்துக்கொண்டால் மட்டும் போதும். காடி இல்லாமல் கயிற்றை மட்டும் நம்பினால் எடை முழுக்கக் கயிற்றில் தொங்கும், ஒவ்வொரு ராத்திரியும் அரை விரல் கீழே இறங்கும்.

கட்டுவதற்குத் தென்னங்கயிறுதான் நல்லது. நைலான் வழுக்கும், வெயிலில் நைந்துவிடும். ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துக் கட்டினால் நார் ஒடியாது. காலையும் விட்டத்தையும் சேர்த்து ஆறு சுற்று இழுத்துச் சுற்றுங்கள். பிறகு அந்தச் சுற்றுகளுக்கு நடுவே, காலுக்கும் விட்டத்துக்கும் இடையில் கயிற்றைக் கொண்டுபோய், குறுக்காக மூன்று சுற்று நெருக்கி இறுக்குங்கள். இந்த நெருக்குச் சுற்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாத கட்டு பார்க்க இறுக்கமாக இருக்கும், நாலு நாள் ஏறி இறங்கினதும் தளர்ந்துவிடும். எப்படிக் கட்டினாலும் ஒரு வாரம் கழித்து மறுகட்டு உண்டு.

விட்டத்தின் மேல் இரண்டடிக்கு ஒரு குறுக்குக் கழி, அதன்மேல் மூங்கிலை நெருக்கி அடுக்கிக் கட்டவும். ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒன்று, இடுப்பு உயரத்துக்கு ஒன்று கைப்பிடிக் கழி. அதிகாலைத் தூக்கத்தில் உருள்கிறவரைத் தடுப்பது கீழ்க்கழிதான். கூரைக்குத் தென்னங்கீற்று அல்லது பனையோலை, மேலே ஒரு தார்ப்பாய்.

ஏணியை நேர்குத்தாக நிறுத்தாமல் அடி இரண்டடி வெளியே தள்ளியிருக்கும்படி சாய்த்து, மேலும் கீழும் கட்டுங்கள். படி ஒரு அடிக்கு ஒன்று. ஆணி மட்டும் அடித்த படி ஈரத்தில் கழன்று வரும், இங்கேயும் காடிதான். ஏறும்போது இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும். டார்ச், தண்ணீர்ப் பாட்டில், போர்வையை ஒரு பையில் போட்டுக் கயிற்றால் மேலே இழுத்துக்கொள்ளுங்கள்.

தடம்

தடம் இரண்டு. ஒன்று வீட்டிலிருந்தோ மோட்டார் ரூமிலிருந்தோ பரணுக்கு வருகிற தடம், மூன்றடி அகலம். இன்னொன்று புஞ்சையைச் சுற்றி வரப்போரமாக நாலடி அகலத்தில் ஓடுகிற சுற்றுத்தடம். இரண்டையும் இரு முறை வெட்ட வேண்டும். விதைப்புக்கு முன் முள்ளும் புதருமாகப் பெருவெட்டு. 45-ஆம் நாள், மழைக்கு முளைத்த கோரையையும் செடியையும் எடுக்கிற சிறுவெட்டு. புரட்டாசியில் மட்டும் வெட்டிவிட்டு நிம்மதியாக இருந்தால் கார்த்திகையில் முழங்கால் புல் நிற்கும், அதற்குள் விரியன் படுத்திருக்கும்.

சீமைக்கருவேலை அரிவாளால் சாய்வாக வெட்டி முண்டை விட்டுவிடாதீர்கள். ஆப்பு மாதிரி நிற்கிற அந்த முண்டு இருட்டில் செருப்பைக் குத்திக்கொண்டு காலில் இறங்கும். மண்ணோடு மண்ணாக வெட்டுங்கள், முடிந்தால் தூரைத் தோண்டிவிடுங்கள். தலை உயரத்துக்கு நீளுகிற முள்கிளையையும் கழியுங்கள். வாய்க்கால் குறுக்கே ஒரு பலகைக்கல். உங்கள் எல்லைக்குள் மட்டுமே வெட்ட வேண்டும். காட்டு எல்லைக்கல்லுக்கு அப்பால் ஒரு குச்சி ஒடித்தாலும் அது வேறு வழக்கு.

சுற்றுத்தடத்துக்கு இன்னொரு உபயோகம் உண்டு. சாயங்காலம் ஒரு முள்கொப்பை இழுத்துக்கொண்டு ஒரு சுற்று வந்தால் மண் சீப்பு வாரினது போல இருக்கும். காலையில் என்ன வந்தது, எங்கே வந்தது என்று அந்த மண் சொல்லும். இரண்டு குளம்புக்குப் பின்னால் இருபுறமும் அகன்று இரண்டு சின்னப் புள்ளி விழுந்திருந்தால் பன்றி. புள்ளியில்லாமல் ஒடுங்கிக் கூர்மையாக இருந்தால் பெரும்பாலும் மான். உள்ளங்கை அளவுக்கு மேல் வட்டமாகப் பதிந்திருந்தால் காட்டுமாடு. சிறுமலைப் பக்கம் அது சாதாரணம். காட்டுமாட்டை ஒற்றை ஆளாகக் கீழே இறங்கி விரட்டக் கூடாது.

கடவுப் பக்கத்து வேலியில் 15 அடிக்கு ஒன்றாகத் தகர டப்பாவை உள்ளே கல் போட்டுத் தொங்கவிட்டு, ஒரே கயிற்றில் கோத்து நுனியைப் பரணுக்குக் கொண்டுவாருங்கள். இருட்டின பிறகு பத்து மணி வரைக்கும், பிறகு இரண்டு மணியிலிருந்து விடியும் வரைக்கும் ஒருவர் கட்டாயம் விழித்திருக்க வேண்டும். மணிக்கு ஒரு தடவை என்று அளந்து இழுத்தால் பன்றி அதைப் பழகிக்கொள்ளும். நேரத்தை மாற்றுங்கள், ஒரு நாள் தகரம், ஒரு நாள் குரல், ஒரு நாள் வெளிச்சத்தோடு சுற்றுத்தடத்தில் நடை.

இறங்கி நடக்கும்போது முழங்கால் வரைக்கும் வருகிற பூட்சும் கையில் கம்பும் வேண்டும். பாம்பு கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தடம் வழியாகப் பைக் வந்து போக முடிகிறதா என்று முன்கூட்டியே ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது இதற்காகத்தான்.

இவ்வளவுக்கும் மீறிச் சேதம் ஆனால் மிதிபட்ட பயிரைச் சரிசெய்வதற்கு முன்னால் படம் எடுத்து, சிட்டா அடங்கலோடு வனத்துறையில் மனுக் கொடுங்கள். வி.ஏ.ஓ. பார்த்துப் போகும் வரை அந்த மூலையைத் தொடாதீர்கள்.

அறுப்பு முடிந்த வாரமே கூரையையும் மூங்கிலையும் இறக்கி மோட்டார் ரூமில் சேருங்கள். கால்களை மட்டும் விடலாம். கயிற்றை அறுத்து எறிந்துவிடுங்கள், அடுத்த வருஷத்துக்குப் புதுக்கயிறு.