கேமராவைக் கணினி கண்டுகொள்ளவில்லையா?

கேபிளோடு மல்லுக்கட்டாமல் கேமராவை அணைத்து, மெமரி கார்டைக் கழற்றி, கார்டு ரீடரில் செருகுங்கள். பென் டிரைவ் போலத் திறக்கும். படங்கள் ‘டிசிஐஎம்’ என்ற ஃபோல்டரில் இருக்கும். கேபிள் வழியென்றால் கேமரா அணையாமல் இருக்க வேண்டும், பேட்டரி தாங்க வேண்டும், கேபிளும் சரியானதாக வாய்க்க வேண்டும். சார்ஜ் ஏற்றுவதற்கென்றே வரும் யூஎஸ்பி கேபிள்களில் தரவுக்கான இரண்டு கம்பிகளே கிடையாது. பார்வைக்கு மட்டும் எல்லாம் ஒன்றுபோலவே இருந்து தொலைக்கும்.

படங்கள் கேமராவின் உள் நினைவகத்தில் பதிவாகியிருந்தால் இது உதவாது, கேபிள்தான் கதி. 2 ஜிபி வரையிலான எஸ்டி கார்டுகளுக்கென வந்த பழைய ரீடர்கள் பெரிய கார்டுகளைப் படிக்காது. அப்போது ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கணினி கேட்டால், அவசரப்பட்டுச் சரி என்று அழுத்திவிடாதீர்கள்.