டெக்சஸ் பள்ளி ஃபுட்பால் ப்ளேஆஃப்: ரசிகர்கள் பண்ணக் கூடாத தவறுகள்

நவம்பர் பாதி வந்தால் டெக்சஸ் ஊர்களுக்கு ஒரு ஜுரம் வரும். கார் கண்ணாடியில் அணியின் பெயர், கடை வாசலில் அணியின் நிறம், எங்கே போனாலும் பள்ளி அணியின் அமெரிக்கன் ஃபுட்பால் பேச்சுதான். மகன் ஆடவே வேண்டாம்; மகள் பள்ளி பாண்டில் கிளாரினெட் வாசித்தால் போதும், டாலஸை ஒட்டிய ஃபிரிஸ்கோ, பிளேனோ, கொப்பெல் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் ஸ்டேடியத்தில்தான் கிடக்கும். சீசன் முழுக்கப் போய்ப் பழகியாச்சு, சீசன் முடிந்து வரும் நாக்அவுட் சுற்றுகளான ப்ளேஆஃபில் மட்டும் என்ன புதுசாக இருந்துவிடப் போகிறது என்று அலட்சியமாகக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

பெரிய தவறு ஆட்டத்துக்குப் பல மாதம் முன்னாலேயே நடந்துவிடுகிறது. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு ஆகஸ்டிலேயே ஓர்லாண்டோ டிக்கெட் போட்டுவிடுவது நம் வழக்கம். ப்ளேஆஃப் நவம்பர் நடுவில் தொடங்கும். அணி இரண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டால் மூன்றாவது சுற்று சரியாக அந்த லீவில் வந்து உட்காரும். தேங்க்ஸ்கிவிங் அன்று காலையில் பயிற்சிக்கு வருவதையே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊர் இது. அணி ஆடினால் பாண்டும் போயாக வேண்டும். பாண்டு டைரக்டரிடம் "சார், டிஸ்னி புக் பண்ணிட்டோம்" என்று சொல்லிப் பாருங்கள், முகம் போகிற போக்கு தெரியும். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள், இல்லையென்றால் கிறிஸ்துமஸுக்குத் தள்ளிப்போடுங்கள்.

இதற்கு நேர் எதிரான ஆசாமிகளும் உண்டு. முதல் சுற்று முடிந்த கையோடு, டிசம்பரில் ஆர்லிங்டன் ஏடிஅண்ட்டி ஸ்டேடியத்தில் நடக்கும் இறுதி ஆட்டத்துக்குத் திட்டம் போட ஆரம்பித்துவிடுவார்கள். மிகப் பெரிய பள்ளிகளுக்கான 6ஏ பிரிவில் கோப்பை வாங்க ஆறு ஆட்டம் வரிசையாக ஜெயிக்க வேண்டும். ஒன்றில் தோற்றாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

டிவிஷன் விஷயத்திலும் ஒரு குழப்பம் ஓயாமல் நடக்கிறது. "நம்ம டீம் டிவிஷன் இரண்டுதானே" என்று இளக்காரமாகப் பேசுவார்கள். அது தரவரிசையே இல்லை. 6ஏவில் ஒரு டிஸ்ட்ரிக்டிலிருந்து, அதாவது சீசனில் தங்களுக்குள் ஆடும் பள்ளிகளின் குழுவிலிருந்து, நான்கு அணிகள் தகுதி பெறும். அவற்றில் மாணவர் எண்ணிக்கை அதிகமுள்ள இரண்டு பள்ளிகள் டிவிஷன் ஒன்றுக்கும் மற்ற இரண்டும் டிவிஷன் இரண்டுக்கும் போகும். அதனால் டிஸ்ட்ரிக்டில் முதலிடம் பிடித்த அணி டிவிஷன் இரண்டிலும், தட்டுத்தடுமாறி நான்காவதாக வந்த அணி டிவிஷன் ஒன்றிலும் இருக்கலாம். கடைசியில் இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பை.

அடுத்தது இடமும் நேரமும். ப்ளேஆஃபில் எல்லா ஆட்டமும் சொந்த மைதானத்தில்தான் என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் முந்தைய சுற்று முடிந்த பிறகுதான் இரண்டு பள்ளிகளும் பேசி, எங்கே, என்று, எத்தனை மணிக்கு என்று முடிவு செய்யும். ஒத்துவராவிட்டால் காசு சுண்டுவார்கள். இந்த விளையாட்டில் காசு சுண்டுவது சாதாரண விஷயமில்லை. 1988இல் மேற்கு டெக்சஸில் ஒடெஸாவின் பெர்மியன் பள்ளியும் மிட்லண்டின் இரண்டு பள்ளிகளும் சம நிலையில் முடித்தன. ப்ளேஆஃபில் இருந்ததோ இரண்டே இடம். நடுராத்திரியில் காசு சுண்டித்தான் மிட்லண்ட் ஹை பள்ளியை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆகவே வியாழனா, வெள்ளியா, சனியா என்று பள்ளியின் அறிவிப்பைப் பார்த்த பிறகு கிளம்புங்கள், வாட்ஸ்அப் குழுவில் யாரோ சொன்னதை வைத்து அல்ல. எல் பாசோ அணியோடு ஆட்டம் என்றால் கடிகாரத்தையும் பாருங்கள்: டெக்சஸின் மற்ற ஊர்களைவிட எல் பாசோ ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அங்கிருந்து மிட்லண்டுக்கே சுமார் 300 மைல்.

பொதுவான மைதானம் என்றால் எந்தப் பக்கம் நம் அணிக்கு என்பதையும் டிக்கெட் வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். எதிரணிக் கூட்டத்தின் நடுவில் நம் அணியின் டீஷர்ட்டோடு உட்கார்ந்து மூன்று மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பது தண்டனை. பல இடங்களில் வாசலில் பணம் வாங்க மாட்டார்கள், எல்லாம் போனில்தான். உள்ளே இருப்பது தெரியாத பையையும் விட மாட்டார்கள்.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. வடக்கிலிருந்து காற்று திரும்பினால் மத்தியானம் அரைக்கை சட்டையில் திரிந்த ஊர் ராத்திரிக்குள் நடுங்கும். எல்லோரும் ஜாக்கெட் மேல் ஜாக்கெட்டாகப் போட்டுக்கொண்டு வருகிறார்கள்; குளிர் ஏறுவது கீழேயிருந்து. அலுமினிய பெஞ்ச் இரண்டாவது குவார்ட்டருக்குள் பனிக்கட்டியாகிவிடும், பாதத்துக்கடியில் இருக்கும் தகடும் அப்படியே. கொண்டுவந்த கம்பளியைப் போர்த்துவதற்கு முன் ஒரு மடிப்பை அடியில் போடுங்கள். காலுக்கு ஒரு அட்டைத் துண்டு போதும், நம்ப மாட்டீர்கள்.

இனி கத்துகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை டிவியில் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் பார்த்துவிட்டு, அந்த விதியை வைத்து ரெஃப்ரியைத் திட்டுவது இங்கே தினசரிக் காட்சி. டெக்சஸ் பள்ளிகள் பெரும்பாலும் கல்லூரி விதிகளில் ஆடுகின்றன. பந்தைப் பிடிக்கும்போது ஒரு கால் கோட்டுக்குள் பட்டால் போதும், இரண்டும் வேண்டாம். பந்தோடு ஓடுகிறவர் யாரும் தொடாமல் தானாக வழுக்கி முழங்கால் தரையில் பட்டாலும் ஆட்டம் அங்கேயே நிற்கும், "தொடவே இல்லையே!" என்று எழுந்து நிற்காதீர்கள். ஓவர்டைம் வந்தால் இரண்டு அணிக்கும் 25 யார்டு கோட்டிலிருந்து ஆளுக்கொரு வாய்ப்பு. ரெஃப்ரி மேல் கோபம் எல்லை மீறினால் என்னவாகும் என்பதற்குத் தெற்கு டெக்சஸின் எடின்பர்க் பள்ளி இருக்கிறது. 2020 டிசம்பரில், வெளியேற்றப்பட்ட ஆட்டக்காரர் ஒருவர் ஓடிவந்து ரெஃப்ரியை இடித்துத் தள்ளினார். அணி அந்த ஆட்டத்தை ஜெயித்தும், மறுநாளே பள்ளி நிர்வாகம் அதை ப்ளேஆஃபிலிருந்து விலக்கிக்கொண்டது. ஆடுகிறவர்கள் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். பந்தைத் தவறவிட்டவனின் பெயரைப் போட்டு ஃபேஸ்புக்கில் எழுதுகிற பெரியவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவன் அம்மா இரண்டு வரிசை முன்னால்தான் உட்கார்ந்திருப்பார்.

பார்க்கிங் நெரிசலுக்குப் பயந்து முன்னதாக எழுந்து போகிறவர்களுக்கு 1994இன் கதை. இர்விங்கில் இருந்த டெக்சஸ் ஸ்டேடியம், தேங்க்ஸ்கிவிங் வார சனிக்கிழமை. ஜான் டைலர் பள்ளி 41, பிளேனோ ஈஸ்ட் பள்ளி 17, மிச்சம் சுமார் 3 நிமிடம். யாராக இருந்தாலும் சாவியைத் தேடுகிற நேரம். பிளேனோ ஈஸ்ட் ஒரு டச்டவுன் போட்டது. பிறகு பந்தைத் தொலைவுக்கு உதைத்து எதிரணிக்குக் கொடுக்காமல், ஆன்சைடு கிக் என்று கிட்டத்திலேயே உதைத்துத் தானே பந்தை எடுத்தது, மறுபடியும் டச்டவுன். மொத்தம் மூன்று ஆன்சைடு கிக், மூன்றும் அவர்கள் கையில். 24 விநாடி இருக்கும்போது 44-41 என்று முன்னால் போய்விட்டார்கள். ஆட்டம் முடிந்தது என்று குதித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கிக்காஃபை ஜான் டைலர் ஆட்டக்காரர் பிடித்து 97 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். 48-44. அந்த வருடக் கோப்பையும் ஜான் டைலருக்கே போனது.

கடைசியாகப் பாண்டு பெற்றோருக்கு. ஆட்டம் நூறு மைல் தள்ளி நடந்தால், பஸ் பள்ளிக்குத் திரும்ப நள்ளிரவு தாண்டும். பிள்ளையை ஸ்டேடியத்திலிருந்தே காரில் கூட்டிப் போகலாம் என்று நினைத்தால், அங்கே நின்று கெஞ்சினால் பெரும்பாலும் நடக்காது. அதற்கென்று கையெழுத்துப் படிவம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு, பஸ் கிளம்புவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.