குறையுள்ள நாயகன் வீரனாகிறானா என்று எடைபோடுவது எப்படி

ஆர்தர் மில்லரின் ‘தி க்ரூசிபிள்’ (1953) நாடகத்தின் ஜான் பிராக்டரையே எடுத்துக்கொள்வோம். முதலில், அவனது குற்றம் யாரைப் பாதித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்: தகாத உறவு மனைவி எலிசபெத்தை வாட்டியது, அந்த உறவில் இருந்த இளம்பெண் அபிகெயில் பிறர்மீது சுமத்திய சூனியப் பழி பொய் என்று அறிந்தும் அவன் வாய்திறக்கத் தயங்க, 1692-இன் அமெரிக்கச் சேலம் ஊரில் கைதுகள் பெருகின.

அடுத்து, அவன் எதை இழக்கத் துணிகிறான் என்பதை வசனத்தைவிடச் செயலில் தேடுங்கள். நீதிமன்றத்தில் உறவை ஒப்புக்கொண்டு மானத்தை இழக்கிறான். அதைவிடக் கனமானது கடைசிக் காட்சி என்பேன். பிறரைக் காட்டிக்கொடுக்க மறுத்தபடியே, உயிராசையில், சூனியம் செய்ததாகப் பொய் வாக்குமூலத்தில் கையெழுத்திடுபவன், அந்தத் தாளை நீதிபதி கேட்டதும், அது தேவாலயத்தில் அறையப்பட்டால் மௌனமாகத் தூக்குமேடை ஏறும் அண்டைவீட்டாரைக் களங்கப்படுத்துமே என்று துடித்து, அதைக் கிழித்தெறிகிறான். கையெழுத்திட்ட கணத்தையும் சேர்த்தே எடைபோடுங்கள். அந்தப் பலவீனம் இல்லையேல் கிழித்ததற்கு மதிப்பில்லை.