ஹைவில் எழுத வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹைவ் என்பது, பதிவுக்கு விழும் வாக்குகளைப் பொறுத்து அதே பெயருள்ள இணைய நாணயத்தில் பணம் தரும் எழுத்துத் தளம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து அதில் புதிதாக எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே குழிக்குள்தான் விழுகிறார்கள். எழுத்துப்பிழையும் மங்கல் படமும் எழுத எழுதச் சரியாகிவிடும். அவற்றை விடுங்கள்.

மொழிபெயர்த்த களவு

ஆங்கிலக் கட்டுரையொன்றை மொழிபெயர்ப்பு மெசினில் போட்டுத் தமிழாக்குவது, கூகுளில் எடுத்த படத்தை மேலே ஒட்டுவது, கிளிநொச்சிக் குளத்தின் பெயரில் ‘எங்கள் இரணைமடு’ என்று தலைப்பு வைப்பது. படத்தில் குளத்துக்குப் பின்னால் மலைத்தொடர் தெரியும். கிளிநொச்சியில் எங்கே ஐயா மலை?

‘தமிழில் யார் பார்க்கப் போகினம்’ என்ற நினைப்புத்தான் காரணம். பார்க்கிறார்கள். படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடினால் மூலம் வந்து நிற்கும். பதிவுக்கான தொகை 7 நாள் கழித்தே கைக்கு வரும். அதற்குள் டவுன்வோட் (எதிர்வாக்கு) விழுந்தால் அது பூச்சியம் வரை இறங்கும். தொகையில் பாதி வாக்களித்தவர்களுக்கு உரியது என்பதால், நம்பி வாக்குப் போட்டவரின் பங்கும் சேர்ந்தே போகிறது. கணக்கின் மதிப்பைக் காட்டும், 25இல் தொடங்கும் நற்பெயர் எண்ணும் குறையலாம். பிறகு திருத்தினாலும் பயனில்லை, பழைய வடிவம் பிளாக்செயினில், அதாவது அழிக்க முடியாத பொதுப் பதிவேட்டில், அப்படியே இருக்கும்.

இவ்வளவு கோபம் ஏன் என்றால், இது விளம்பரக் காசு அல்ல. புதிதாக உருவாகும் ஹைவ் நாணயத்திலிருந்து நிரம்பும் ஒரே பொதுத் தொகையை வாக்குகள் பிரிக்கின்றன. நீங்கள் சும்மா எடுப்பது, இரவிரவாக இருந்து எழுதிய இன்னொருவரின் பங்கு. வயலில் இறங்காதவர் சூடடித்த நெல்லில் பங்கு கேட்பது மாதிரி.

எழுத விடயமா இல்லை? ஏக்கருக்கு எத்தனை புசல் விதைத்தீர்கள், எந்த இன நெல், எத்தனையாம் நாள் யூரியா போட்டீர்கள், வெட்டு மெசினுக்கு என்ன கூலி என்று எழுதுங்கள். முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் எழுதினால் அதை வேறு யாரும் எழுத முடியாது. பிறர் எழுதியது தேவையென்றால் நாலு வரியை மேற்கோளாகப் போட்டு, இணைப்பைக் கீழே கொடுங்கள்; மிச்சம் உங்களுடையதாக இருக்கட்டும். விக்கிமீடியா பொதுவகப் படமென்றால் எடுத்தவர் பெயரும் உரிமமும் வேண்டும்.

‘அருமை, தொடருங்கள்’

வாசிக்காவிட்டால் மறுமொழி போடாதீர்கள்.

நீ எனக்கு, நான் உனக்கு

ஒவ்வொரு கணக்குக்கும் வாக்குப் போடப் போடக் குறையும் வாக்கு வலு உண்டு. முழு வாக்கு ஒன்றுக்கு அதில் ஏறக்குறைய 2% செலவாகும். நாளுக்கு 20% திரும்பும். ஆக, நாளுக்குப் பத்து வாக்கு. மூன்று நண்பர்கள் அதைத் தங்களுக்குள்ளேயே சுற்றவிட்டால் எவருக்கும் தெரியும், ஏனென்றால் வாக்குப் பட்டியல் திறந்தே கிடக்கிறது. இரண்டாவது கணக்குத் திறந்து தனக்கே போடுவதும் இதே கணக்குத்தான்.

சாவி

ஹைவ் கணக்குக்குப் பல சாவிகள் (கடவுச்சொற்கள்) உண்டு. எழுத, பதிவிட மட்டும் உதவும் போஸ்டிங் கீ போதும். கணக்கு முழுவதையும் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டைப் போன் கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள்.

கூட உழைத்தவர்

படம் தம்பி எடுத்தது, கதை அம்மம்மா சொன்னது என்றால் பெயர் போடுவதோடு நிற்க வேண்டாம். தம்பிக்கு ஹைவ் கணக்கு இருந்தால், பதிவை வெளியிட முன்னரே பெனிபிஷியரி (தொகையில் பங்கு பெறுபவர்) பகுதியில் அவர் கணக்கையும் பங்கு விழுக்காட்டையும் குறியுங்கள். வாக்கு விழுந்த பிறகு அதைச் சேர்க்க முடியாது.