வர்த்தக முறையை முதலில் கையால் சோதியுங்கள்

பங்கு வர்த்தக முறை ஒன்றை மென்பொருளில் இடுவதற்கு முன், ஒரே ஒரு பங்கின் சில ஆண்டு வரைபடத்திலாவது அதைக் கையால் சோதித்துப் பார்ப்பது நல்லது. 20 நாள் நகரும் சராசரி (கடைசி 20 நாள் முடிவு விலைகளின் சராசரி), 50 நாள் சராசரியை மேல்நோக்கிக் கடந்தால் வாங்கி, கீழ்நோக்கிக் கடந்தால் விற்கும் எளிய முறையே பழகுவதற்குப் போதுமானது. வரைபடத்தின் வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளாக நகர்த்தி, நாளையும் விலையையும் காரணத்தையும் எக்செல் தாளில் குறித்து வாருங்கள். சந்தை முடிந்த பிறகுதான் சராசரி கடந்தது உறுதியாகும் என்பதால், வாங்கும் விலையாக மறுநாள் தொடக்க விலையையே எழுத வேண்டும். மென்பொருளில் இந்த ஒரு விதியைத் தவறாக அமைத்துவிட்டு, திரையில் தோன்றும் அபார லாபத்தில் மயங்குவோர் பலர். பங்கை அன்றே விற்காமல் கணக்கில் வைத்துக்கொள்ளும் டெலிவரி வர்த்தகத்தில் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதப் பரிவர்த்தனை வரி உண்டு, அதையும் கழியுங்கள்.

2024 அக்டோபரில் ரிலையன்ஸ் 1:1 போனஸ் பங்கு (ஒரு பங்குக்கு ஒரு பங்கு இலவசமாக) வழங்கியபோது விலை ஏறக்குறைய பாதியானதை, அதற்கேற்பப் பழைய விலைகள் சரிசெய்யப்படாத தரவை நம்பும் மென்பொருள் பெரும் சரிவாகவே எடுத்துக்கொள்ளும். கையால் சோதிப்பவரின் கண் அங்கே நின்றுவிடும்.

கைச்சோதனை மெதுவானது, அதில் கிடைக்கும் வர்த்தகங்களும் குறைவு. பல பங்குகளுக்கு மென்பொருளே வழி. முதலில் அதே பங்கை, அதே ஆண்டுகளுக்கு அதில் ஓட்டி, உங்கள் எக்செல் தாளோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பிறகு பட்டியலை விரிக்கும்போது, இன்றைய நிஃப்டி 50 குறியீட்டில் உள்ள பங்குகளை மட்டும் எடுத்தால், 2020 மார்ச்சில் அதிலிருந்து நீக்கப்பட்ட யெஸ் பேங்க் போன்றவை கணக்கில் வராமலே போய்விடும்.