கன்சோலில் ஓடுகிறது, நிட் செய்தால் நிற்கிறது

ஆர் மொழியில் நிரல் எழுதும் ஆர்-ஸ்டுடியோவில் ஒரு புராஜெக்ட். டேட்டா ஃபோல்டரில் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பு, ரிப்போர்ட் ஃபோல்டரில் உரையும் நிரலும் சேர்ந்த ஆர் மார்க்டவுன் கோப்பு. கட்டளைகளை நேரடியாக ஓட்டும் கன்சோலில் வரிவரியாக ஓட்டினால் சிஎஸ்வி ஒழுங்காகத் திறந்தது. மார்க்டவுன் கோப்பை அறிக்கையாக மாற்றும் நிட் பொத்தானை அழுத்தினால் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று நின்றது. நடப்பு ஃபோல்டர் எது என்று காட்டும் கெட்-டபிள்யூடி கட்டளையை இரண்டு இடத்திலும் போட்டுப் பார்த்ததும் விஷயம் பிடிபட்டது. கன்சோலுக்கு நடப்பு ஃபோல்டர் புராஜெக்டின் மேல்மட்ட ஃபோல்டர். நிட் செய்யும்போதோ, மார்க்டவுன் கோப்பு இருக்கிற ஃபோல்டர்.

நடப்பு ஃபோல்டரை மாற்றும் செட்-டபிள்யூடியில் முழுப் பாதையை எழுதிவிடலாம்தான். ஆனால் அடுத்தவர் கணினியில் அந்தப் பாதை ஏது? அதனால் ‘ஹியர்’ பேக்கேஜைப் போட்டு, ஹியர் ஃபங்ஷனுக்குள் ஃபோல்டர் பெயரையும் கோப்பின் பெயரையும் தனித்தனி மேற்கோளில் கொடுத்தேன். புராஜெக்டின் மேல்மட்ட ஃபோல்டரில் இருக்கும் ஆர்-புராஜ் கோப்பு எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு ஃபோல்டராக மேலே ஏறிப் பார்த்து, அங்கிருந்து அதுவே பாதையைக் கட்டிக்கொள்கிறது. இப்போது இரண்டு வழியிலும் ஓடுகிறது.