பிடியாணை இல்லாத சோதனையும் போதைப்பொருள் வழக்கின் சான்றுகளும்: வன்னிக் குடும்பங்களுக்கு

ஏ9 வீதியிலோ முல்லைத்தீவுக் கரையோரத்திலோ பிள்ளை போதைப்பொருளுடன் பிடிபட்டான் என்ற செய்தி வந்ததும், “பிடியாணை இல்லாமல்தானே சோதித்தார்கள், வழக்கு நிற்குமா?” என்றே குடும்பத்தார் முதலில் கேட்கிறார்கள். பெரும்பாலும் நிற்கும். நியாயமான சந்தேகம் இருந்தால் இத்தகைய குற்றத்துக்குப் பிடியாணையின்றிக் கைதுசெய்யவும், கைதானவரைச் சோதிக்கவும் பொலிஸாருக்குச் சட்டம் இடமளிக்கிறது. சோதனை முறைகேடாக நடந்திருந்தாலும், கிடைத்த பொருள் வழக்குக்குத் தொடர்புடையதா என்பதையே நீதிமன்றம் முதன்மையாகப் பார்க்கும். கென்யாவிலிருந்து மேன்முறையீடாகச் சென்ற குருமா வழக்கில் 1955இல் இலண்டனிலுள்ள பிரிவிக் கவுன்சில் (அன்று பிரித்தானியக் குடியேற்ற நாடுகளின் இறுதி மேன்முறையீட்டு மன்று) இப்படித்தான் தீர்ப்பளித்தது. நமது நீதிமன்றங்களின் போக்கும் அதுவே. எதிரிக்கு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு, அநீதி விளையுமெனின் சான்றை விலக்கும் தற்றுணிபு (தாமே முடிவெடுக்கும் அதிகாரம்) நீதிபதிக்கு உண்டு என்றாலும், அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

கவனம் செல்ல வேண்டிய இடம் பொதியின் பயணம். சந்தேகநபரிடம் எடுத்த அதே பொருள்தான், எவரும் கைவைக்காத நிலையில், அரச இரசாயனப் பகுப்பாய்வாளரிடம் சேர்ந்தது என்பதை வழக்குத்தொடுநர் நிரூபிக்க வேண்டும். பெரேரா எதிர் சட்டமா அதிபர் வழக்கு இதைத் தெளிவாக வலியுறுத்துகிறது. ஆகவே பிடித்த நேரம், இடம், பிடித்தவர்கள் சீருடையில் இருந்தார்களா, அருகில் நின்றவர் யார், பொதி எங்கே யார் முன்னிலையில் நிறுக்கப்பட்டது, அப்போதே முத்திரையிடப்பட்டதா, அதில் சந்தேகநபரின் பெருவிரல் அடையாளம் பெறப்பட்டதா என்பவற்றை நினைவு மங்குமுன் அன்றே எழுதி வையுங்கள். நிறை மிக முக்கியமானது. ஹெரோயின் 2 கிராமும் அதற்கு மேலும் என்றால் மரண தண்டனையோ ஆயுள் சிறையோ விதிக்கப்படலாம், ஐஸ் எனப்படும் மெதம்பெட்டமைனுக்கு அந்த எல்லை 5 கிராம். பொலிஸ் நிலையத்தில் பதிந்த நிறையையும் பகுப்பாய்வு அறிக்கையில் உள்ள நிறையையும் சட்டத்தரணி ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

பொலிஸ் அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிரான சான்றாக ஏற்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இடந்தராது. ஆனால் “அந்தப் பனையடியில் புதைத்திருக்கிறேன்” என்று சொல்லி அங்கிருந்து பொருள் எடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி 27ஆம் பிரிவின்படி சான்றாகும். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால், அது தமிழில் வாசித்து விளக்கப்படாமல் கையொப்பமிடவே வேண்டாம். விளங்காத தாளில் இட்ட ஒரு கையொப்பம் பல ஆண்டுகள் துரத்தும்.

கைதுக்கான காரணம் சொல்லப்பட வேண்டும். பெண்ணைப் பெண்ணே, கண்ணியம் கெடாமல் சோதிக்க வேண்டும். 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். மேலும் தடுத்துவைக்க நீதவானின் கட்டளை தேவை. அடித்திருந்தால் முதல் தவணையிலேயே நீதவானிடம் சொல்லி, சட்டவைத்திய அதிகாரியிடம் அனுப்புமாறு கேளுங்கள். சட்டத்தரணிக்குப் பணமில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

முறைகேடான கைதுக்கோ சித்திரவதைக்கோ எதிராக உயர் நீதிமன்றில் அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்தில் முறையிட்டால், விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கத்தைச் சட்டத்தரணியிடம் கொடுத்து வையுங்கள்.